பெரிய ரோட்டில் அம்மா கடலுக்குப் போன நாள்

சின்னமலையிலிருந்து அடையாறு போகும் ரோட்டுக்கு ஒரு தலைவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கு அது பெரிய ரோடு. அடையாறு சிக்னலைத் தாண்டி, வேறு பெயர் வாங்கிக்கொண்டு, பெசன்ட் நகர் மணலில் போய் முட்டும் வரைக்கும் எங்களுக்கு அது பெரிய ரோடுதான்.

வருஷம் முழுக்க நான் அதைத் திட்டுவேன். தி. நகரில் ஒரு துணி குடோனில் லோடுமேன் வேலை எனக்கு. வீடு பெரும்பாக்கத்தில். வீடு என்று சொல்லக்கூடாது, எங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற மாடி. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த ரோட்டைக் கடக்க வேண்டும். மத்திய கைலாஷ் பக்கத்தில் பஸ் நின்றால் நின்றதுதான். ஜன்னலுக்குக் கீழே ஒரு கார் நிற்கும். உள்ளே ஒரே ஒரு ஆள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆற்றங்கரையில் எங்களுக்கு இருந்த பழைய வீடு அந்தக் காரைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதில் ஐந்து பேர் இருந்தோம்.

அந்த வீடு இப்போது இல்லை. சின்னமலைப் பாலத்துக்குக் கீழே, அடையாற்றின் கரையில் எங்கள் தெரு இருந்தது. ஆற்றோரம் யாரும் இருக்கக்கூடாது என்றார்கள். ஒரே காலையில் மெஷின் வைத்து இடித்தார்கள். சாமான்களோடு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கினார்கள். அம்மன் கோயிலை மட்டும் தொடவில்லை. மெஷின் ஓட்டிய ஆள் கோயில் பக்கம் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். வீட்டுக்குள் இருந்த எங்களைப் பார்த்து அவனுக்கு எஞ்சினை நிறுத்தத் தோன்றவில்லை.

கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு ஆட்டோ நிறுத்தும் அளவு. உள்ளே ஒரு கல் அம்மன். அதற்கு முன்னால் ஒன்றரை அடியில் ஒரு பித்தளை அம்மன், ஊர்வலம் போவதற்கு. எங்களுக்கு அவள் அம்மா. நான் மீசை முளைக்காத வயதில் இருந்தபோது தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பித்தளைச் சாமான் வாங்கி உருக்கி வார்த்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடம் போனது. எதிர் வீட்டிலிருந்து ஒரு குத்துவிளக்கு. ஒன்றும் இல்லாத ஒரு வீட்டிலிருந்து இரண்டு டம்ளர். கரையில் எங்கள் தெரு என்று சொல்ல இன்றைக்கு அது ஒன்றுதான் மீதி இருக்கிறது.

கோயிலைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. எனக்கு உறவு இல்லை. தெருவுக்கே அக்கா. புருஷன் இல்லை. கோட்டூர்புரத்தில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். எங்களோடு பெரும்பாக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சைதாப்பேட்டையில் ஒரு இருட்டு ரூமில் வாடகைக்கு இருக்கிறாள். காலையும் மாலையும் விளக்கேற்ற ஆள் வேண்டுமே என்பாள்.

"அம்மா கீறா, அதான் நீங்கள்லாம் வருசத்துக்கு ஒரு வாட்டி வர்றீங்க. அவ இல்லன்னா உங்க மூஞ்சிய நான் எங்க போய்ப் பாக்கறது?" என்று ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சொல்வாள்.

உண்மைதான். பெரும்பாக்கத்தில் ஒரே தெருக்காரர்களை ஆறு பிளாக்குகளில் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சிலர் வேறு எங்கோ போய்விட்டார்கள். மாசி மகத்தன்று விடிவதற்கு முன்னால் எல்லோரும் முதல் பஸ் பிடித்துக் கரைக்கு வந்துவிடுவோம். அன்றைக்கு அம்மாவைக் கடலில் குளிப்பாட்ட வேண்டும்.

என் அப்பா காலத்தில் ஆற்றிலேயே குளிப்பாட்டினார்களாம். ஆறு கறுத்து நாறிப்போனபிறகு கடலுக்கு மாற்றினார்கள். இடம்தான் மாறியது, முறை மாறவில்லை. அம்மா குளிக்கும்போது கரையில் நிற்கிற ஜனங்களைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். ஜனங்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது. அவளை மார்போடு அணைத்துப் பிடிக்கிறவனும் அதனால் கரையைப் பார்த்துத்தான் நிற்பான். ஆற்றில் அப்படி நிற்கலாம். ஆறு பின்னாலிருந்து அடிக்காது.

சென்ற மாசியில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அம்மாவை ஒரு மீன்பாடி வண்டியில் வைத்திருந்தோம். மூன்று சக்கரம், மோட்டார் வைத்தது, மற்ற நாளில் சிமெண்ட் மூட்டை ஏற்றுவது. அதைக் கழுவி, வாழைமரம் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, நடுவில் அம்மா. பச்சைப் பட்டு, கழுத்து மறைய மல்லிகை. முன்னால் இரண்டு பம்பைக்காரர்கள். பின்னால் நாங்கள் அறுபது பேர் இருப்போம். எட்டு மணிக்குள் ரோட்டைக் காலி பண்ண வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்தது.

பெரிய ரோட்டின் நடுவில் நான் நடப்பது வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாளில் ஓரம், இல்லையென்றால் பஸ்ஸின் படி. நடுவில் நடந்தால்தான் அதன் அகலம் தெரிகிறது. இவ்வளவு பெரியதா என்று ஒவ்வொரு வருஷமும் வாயைப் பிளக்கிறேன். மான் பூங்காவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சுவர், சுவருக்குள்ளிருந்து மரங்கள் ரோட்டின்மேல் சாய்ந்து மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கீழே இன்னும் விடியவில்லை, மேலே இலைகளில் மட்டும் வெளிச்சம். பம்பைச் சத்தம் அந்த மரங்களில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் பின்னாலேயே இன்னொரு கூட்டம் அடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. தினமும் அதே மரங்களுக்குக் கீழேதான் பஸ்ஸில் போகிறேன். ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. முன்னால் நிற்கிறவன் அக்குளைத்தான் பார்த்திருக்கிறேன்.

சுவரோரம் நாலைந்து புள்ளிமான்கள் வேலிக் கம்பியை ஒட்டி நின்றன. சத்தத்துக்கு ஓடவில்லை. காதை மட்டும் திருப்பின.

அடையாறு சிக்னலில் வண்டி நின்றது. எங்களுக்குச் சிவப்பு. டிராபிக் போலீஸ்காரர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு நாலு பக்கமும் கையைக் காட்டி நிறுத்தினார். பஸ், தண்ணி லாரி, கார், பைக் எல்லாம் நின்றன. அந்தச் சிக்னலில் எனக்காக ஒரு சைக்கிள்கூட நின்றது கிடையாது. ஒரு பஸ் டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். ஒரு பெரிய காரின் கண்ணாடி கீழே இறங்கியது, உள்ளே வளையல் போட்ட ஒரு கை கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த நடுவில், ஒரு சிமெண்ட் வண்டியில், எங்கள் வீட்டுக் குடமும் அந்த இரண்டு டம்ளரும் போய்க்கொண்டிருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபமும் வந்தது. இதே ஜனங்கள்தான் எங்கள் வீடு இடிந்த அன்றைக்குப் பாலத்தின்மேல் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

பெசன்ட் நகரில் ரோடு முடிகிற இடத்தில் முதலில் கடல் தெரிவதில்லை. கட்டடங்கள் நின்றுபோகும், வானம் திடீரென்று கீழே வரைக்கும் இறங்கியிருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு. அதைப் பார்த்ததும் பம்பைக்காரர்கள் அடியை மாற்றினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள்.

மணலில் ஏற்கெனவே ஏழெட்டு சாமிகள் இருந்தன. எந்தெந்தப் பேட்டையிலிருந்தோ வந்தவை. கூட்டம் கம்மியான இடமாகப் பார்த்து, வடக்கே ஊரூர் குப்பத்தின் படகுகள் நிற்கும் பக்கம் போனோம்.

ஒவ்வொரு வருஷமும் அம்மாவை மூன்று பேர் பிடிப்போம், அணைத்துக்கொள்ள ஒருவன், பக்கத்துக்கு ஒருவன். ஒருவனுக்கு வாட்ச்மேன் வேலை, அன்றைக்கு லீவு கொடுக்கவில்லை. இன்னொருவனுக்கு முழங்கால் வீக்கம்.

"ஒண்டியா தூக்கிடுவியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"தினம் அறுபது கிலோ துணி பேல் தூக்கறேன். அம்மா எனக்கு ஒரு வெயிட்டா?" என்றேன். அந்த வாய்க்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

ஓரத்து நுரையில் வாடிய பூவும் பிளாஸ்டிக் கவரும் மிதந்தன. அந்தத் தண்ணீரில் அம்மாவைக் குளிப்பாட்ட எனக்கு மனசு வரவில்லை. அதைத் தாண்டி முழங்கால் வரைக்கும் இறங்கினேன். கடலுக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்துத் திரும்பினேன். அறுபது பேரும் கையைத் தலைக்குமேல் தூக்கினார்கள். அக்கா ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு என்னை நோக்கி வந்தாள். திடீரென்று அவள் கண் என் தோளுக்குமேல் போனது. வாயைத் திறந்தாள்.

அலை என் முட்டிக்குப் பின்னால் அடித்தது. நான் உட்கார்ந்தேன். அடுத்தது தலைக்குமேல் வந்தது. தண்ணீருக்குள் உருண்டேன், மூக்கிலும் வாயிலும் மணல். எழுந்து நின்றபோது என் கையில் பச்சைப் பட்டுப் புடவை மட்டும் இருந்தது.

பம்பை நின்றது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள்.

அலை நுரை வடக்குப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வடக்குப் பக்கம் தேடினோம். குனிந்து, விழுந்து, கையால் துழாவி, ஒரு மணி நேரம். சங்கு, கண்ணாடி பாட்டில், ஒரு செருப்பு. பெண்கள் மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்கள். அக்கா அழவில்லை. சொம்பைப் பிடித்தபடி, நான் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படகு நிழலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். குப்பத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். இடுப்பில் புடவையைச் செருகியிருந்தாள்.

"இன்னா நைனா, இன்னா தொலைச்சீங்க? சங்கிலியா?"

"அம்மன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "ஆத்தாவையா உட்டுட்ட? எங்க உட்ட?"

காட்டினேன்.

"அங்க உட்டுட்டு இங்க இன்னாத்துக்குத் தேடிக்கினுகீற?"

"தண்ணி இந்தப் பக்கம்தானே ஓடுது?"

"நுர ஓடுது. ஆத்தா நுரயா?" என்றாள். படகு பக்கம் திரும்பி, "டேய்! எய்ந்து வாடா!" என்று கூப்பிட்டாள்.

அவளுடைய தம்பி வந்தான். விடியற்காலையில் கடலிலிருந்து திரும்பிப் படுத்தவன், கண் சிவந்திருந்தது. நடந்ததைக் கேட்டான். கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டான்: "உங்க அம்மா எத்தினி கிலோ?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "அவள எட போட்டுலாம் பேசாத, தம்பி. சாமிய எட போடற வழக்கம் எங்களாண்ட இல்ல."

"தெரியாம கண்டுபுடிக்க முடியாதுமா."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "பதினாலு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்படா எட போட்ட?"

"தராசுல போடலக்கா. கைக்குத் தெரியும். எனக்கு எதைத் தூக்கினாலும் தெரிஞ்சுடும். நான் இன்னா பண்ணட்டும்?"

மீன்காரி தன் வீட்டுக்கு ஓடி ஒரு அம்மிக்குழவியைத் தூக்கி வந்தாள். தம்பி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"கல்லை இன்னாத்துக்குத் தூக்கினு வந்த? கல்லு உருளும். பித்தளை உருளுமா? மீன் விக்கிறவ கடலைப் பத்திப் பேசுனா இப்டித்தான்."

"பேசமாட்டடா நீ? நேத்து வலையப் பாறைல மாட்டிட்டு வந்தவன்தானே நீ?" என்று அவள் குழவியைக் கீழே போட்டாள்.

அவன் படகிலிருந்து பழைய எஞ்சின் இரும்பு ஒன்றை எடுத்து, வலைத்துண்டில் சுற்றி, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உள்ளே போட்டான். என் கையில் கொடுத்தான். "பன்னெண்டு" என்றேன். இன்னும் கொஞ்சம் போட்டான். "பதிமூணரை." ஒரு பிடி போட்டான். கையில் அது சரியாக உட்கார்ந்தது. கண்ணை மூடினால் அவள்தான். "சரி" என்றேன்.

அதில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் ஒரு மிதவை கட்டினான். "இப்போ நீ போய் அதே எடத்துல, அதே மாரி நில்லு. அலை வந்து அடிச்சா உட்டுடு."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

போய் நின்றேன். கடலுக்கு முதுகு. கரையில் அதே ஜனங்கள். இந்தத் தடவை யாரும் கையைத் தூக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அலை எழும்புகிற சத்தம் கேட்டது. காலை மடக்காமல் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் விழ வேண்டும், விட வேண்டும். என் வாழ்க்கையில் எத்தனையோ சுமை இறக்கியிருக்கிறேன். அந்த இரும்பை விட்டதுபோல் எதையும் விட்டதில்லை.

மூன்று தடவை விழுந்தேன். மூன்று தடவையும் மிதவை வடக்கே போகவில்லை. அலை திரும்பும்போது கடல் பக்கமாகச் சறுக்கியது, நாலு ஆள் கை விரித்த தூரம் போய் நின்றது. அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது, கரையை ஒட்டி நீளமாக. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. மூன்றாவது தடவை இரும்பை வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குள் மணல் அதை விழுங்க ஆரம்பித்திருந்தது.

எங்களுக்கு அது தண்ணீர். எங்கே பார்த்தாலும் ஒரே தண்ணீர். அவனுக்கு அதற்குள் மேடு, பள்ளம், சந்து, தெரு எல்லாம் இருந்தது. தி. நகரின் சந்துகளை நான் தெரிந்துவைத்திருக்கிற மாதிரி அவன் தெரிந்துவைத்திருந்தான். ஒரு வித்தியாசம், அவனுடைய தெருக்கள் தினமும் இடம் மாறும்.

"பள்ளத்துல பொதைஞ்சு கீறா" என்றான். "இப்ப எறங்க முடியாது, தண்ணி ஏறி கீது. மத்தியானம் வத்தும். அப்பால ஆளுங்க வரிசையா நின்னு, காலால தடவிப் பாத்தா கெடைச்சுடுவா."

அங்கேதான் அக்கா வெடித்தாள்.

"காலாலயா? அம்மாவக் காலால தேடுவியா? எட போட்டீங்க, பொறுத்துக்கினேன். இரும்பக் கட்டித் தூக்கிப் போட்டீங்க, பொறுத்துக்கினேன். அவ தலைல கால வைப்பீங்களா?"

"கையால முடியாதுமா. மார் அளவு தண்ணி, கீழ முக்கா அடி மணல். குனிஞ்சா அலை தூக்கிடும்."

"வேணாம். அவ அங்கயே இருக்கட்டும்."

"அங்கயே இருந்தா நாளைக்கு எங்க இருப்பாளோ எனக்கே தெரியாது. இன்னிக்கு உட்டா உட்டதுதான்" என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான்.

அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கிட்டே போகவில்லை. வெயில் ஏறியது. ரோட்டில் நின்ற மீன்பாடி வண்டியை எடுக்கச் சொல்லிப் போலீஸ் விரட்டியது. பம்பைக்காரர்கள், வயசானவர்கள், குழந்தைகளோடு இருந்தவர்கள் எல்லோரும் வெறும் வண்டியோடு கிளம்பிப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் அக்காவிடம் வந்து நின்றார்கள். ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "அடுத்த வருசம் வர்லாமாக்கா?"

பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சினோம். மீன்காரி எங்களுக்குச் சோறும் குழம்பும் கொண்டு வந்தாள். மாசி மகமாயிற்றே, மீன் போடாத குழம்பு. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு மணி வாக்கில் தண்ணீர் இறங்கியது. தம்பி குப்பத்திலிருந்து ஆறு பேரைக் கூட்டி வந்து நின்றான். அக்காவைப் பார்த்தான்.

அக்கா எழுந்தாள். பையிலிருந்து மஞ்சள் பொடியை எடுத்தாள். சொம்பில் கரைத்தாள். அவன் முன்னால் போய் மண்டி போட்டாள். அவன் பதறிக் காலைப் பின்னால் இழுத்தான்.

"அசையாத, தம்பி" என்றாள். அவனுடைய பாதத்தில் மஞ்சளைத் தடவினாள். மேலும் கீழும், விரல் இடுக்கில்கூட. அம்மாவின் பாதத்துக்குத் தடவுகிற மாதிரியே. நடு விரலால் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பிறகு அடுத்தவன். ஆறு பேருக்கும் வைத்தாள். வலைக்கயிறு அறுத்த தழும்பும் பித்தவெடிப்புமான கால்கள். அவர்களில் ஒருவன் கழுத்தில் சிலுவை போட்டிருந்தான். அவனும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"எனக்கு வேணாங்க்கா" என்றேன். காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது.

"மூடு" என்றாள். என் காலைப் பிடித்து இழுத்து மஞ்சள் பூசினாள். பிறகு தன் காலுக்கும் பூசிக்கொண்டு எங்களோடு இறங்கினாள்.

நான் கோயில் குளம் எல்லாம் சுற்றினவன் இல்லை. பெரிய கோபுரங்களை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் சாமி என்றால் இப்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மத்தியான வெயிலில் ஈர மணலில் நின்ற மஞ்சள் கால்கள்தான்.

கைகோத்து வரிசையாகப் பள்ளத்தில் நின்றோம். குதிகாலை மணலுக்குள் திருகித் திருகி இறக்க வேண்டும். கணுக்கால் மறைய இறங்கியதும் ஒரு காலடி நகர வேண்டும். அலை வந்தால் எல்லோரும் ஒன்றாக எம்ப வேண்டும். "ஹேய்" என்று தம்பி குரல் கொடுப்பான், எம்புவோம். மஞ்சள் எப்போதோ கரைந்துபோயிருக்கும். ஒரு தடவை போய்த் திரும்பினோம். ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவையில் என் தொடை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் அக்காவின் கை ஐஸ் மாதிரி இருந்தது. கரையில் மீன்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நாலாவது தடவையில் தம்பி நின்றான். அவன் முகத்தைத்தான் பார்த்தேன். மூச்சு விடாமல், யாரோ கிட்டே பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி நின்றான். அலை வந்தது. எல்லோரும் எம்பினோம், அவன் எம்பவில்லை. தலைக்குமேல் போனது. தண்ணீர் இறங்கியபோது அவன் அதே இடத்தில் இருந்தான்.

"கீறா" என்றான்.

நானும் அவனும் மூழ்கினோம். கண் எரிந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவன் என் கையைப் பிடித்து அவன் கால் இருந்த இடத்தில் வைத்தான். மணலுக்குள் ஒரு கிரீடத்தின் முனை. இரண்டு பேரும் நாய் மாதிரி தோண்டினோம். மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி போய், மறுபடி வந்து. ஐந்தாவது மூச்சில் மணல் அவளை விட்டது. பதினாலு கிலோவும் என் கைக்கு வந்தது.

நாங்கள் எழுந்து நின்றோம். சிலுவை போட்டவன் நெற்றியிலும் மார்பிலும் கை வைத்துக்கொண்டான். அக்கா கிட்டே வந்து அம்மாவின் முகத்தில் ஒட்டியிருந்த மணலைக் கட்டை விரலால் துடைத்தாள். மூக்கு, கண், வாய். குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. "வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பட்டுப் புடவை கிழிந்து கந்தலாகியிருந்தது. மீன்காரி ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த தன் புடவையை எடுத்து வந்தாள். பாதி வழியில் தயங்கினாள்.

"தொவைச்சதுதான். ஆனா மீன் வாசனை போவாது."

"அடிக்கட்டும்" என்றாள் அக்கா. "உங்களாண்ட ஒரு பகல் முழுக்க இருந்துட்டு வெறுமனேயா வருவா?"

தம்பிக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நான் நின்றேன். அவன் கொட்டாவி விட்டான். "ராவுக்குக் கடலுக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டுப் படகு நிழலுக்குத் திரும்பிப் போனான்.

பெசன்ட் நகர் டிப்போவில் பஸ் ஏறினோம். நான் ஜன்னலோரம், மடியில் அம்மா, பக்கத்தில் அக்கா. மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். என் உடம்பிலிருந்து மணல் சீட்டில் கொட்டியது. கண்டக்டர் மூக்கைச் சுருக்கிக்கொண்டே வந்தார்.

"யோவ், மீன் கூடையா? இறக்கு, இறக்கு. லக்கேஜு ஏத்தக்கூடாதுன்னு தெரியாது?"

அக்கா புடவைத் தலைப்பை விலக்கி முகத்தைக் காட்டினாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.

"அம்மாவுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"லேடீஸ்தானே? ஃப்ரீ" என்றார். முன்னால் போய் டிரைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அந்த டிரைவர் ஒரு ஸ்பீட் பிரேக்கரில்கூடத் தூக்கிப் போடவில்லை.

அடையாறு சிக்னலில் நாங்களும் எல்லோரையும் போல நின்றோம். முன்னால், பின்னால், பக்கத்தில், கண்ணுக்கு எட்டின வரைக்கும் வண்டி. சாயங்கால வெயில் எல்லாக் கண்ணாடியிலும் பட்டு ரோடு முழுக்க மின்னியது. இத்தனை பேர் எங்கேயிருந்து எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எவனையும் திட்டத் தோன்றவில்லை. மரங்களுக்குக் கீழே பஸ் நுழைந்தபோது அக்கா தூங்கிவிட்டாள். தலை என் தோளில் சாய்ந்திருந்தது.

சின்னமலை ஸ்டாப்பில் எழுப்பினேன். பாலத்துக்குக் கீழே இறங்கிக் கோயில் கதவைத் திறந்தாள். கரையில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வெறும் மீன்பாடி வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"கொடுடா, உள்ள வைக்கணும்" என்றாள் அக்கா.

கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை பிரியவில்லை. விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. அக்கா அவசரப்படவில்லை. சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.